பட்டறை பதில்கள்: கேஸ்கெட் எத்தனை மி.மீ.?

போன இதழில் ஹெட் வேலை பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்தக் கனத்தில் கேஸ்கெட் போடுவது? (சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் இருக்கப் போடுகிற தகடுதான் கேஸ்கெட்.) சரி, இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம். வண்ணாரப்பேட்டையில் போரிங் (சிலிண்டர் துளையைக் குடைந்து அகலமாக்குவது), ஃபேஸிங் (முகத்தைச் சமமாகச் சீவுவது) பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் பிளாக்கை இறக்குகிறவர்களில் பலர் கேஸ்கெட்டைக் கையோடு வாங்கிக்கொண்டே வருவார்கள். புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ மலிவாகக் கிடைத்தது என்பார்கள். இன்ஜின் வேலையில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது.

கேள்வி: அண்ணே, 1300 சி.சி. எஸ்டீம் இன்ஜினை டிராக்கில் ஓட்டுவதற்காகக் கட்டுகிறேன். 0.5 ஓவர்சைஸ் போர் போட்டதில் 74.5 மி.மீ. ஆகிவிட்டது. பிளாக்கை ஃபேஸிங் எடுத்த பிறகு, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக் மட்டத்துக்கு 0.25 மி.மீ. கீழே நிற்கிறது. ஹெட் அறை 30 சி.சி., பிஸ்டன் தலையில் உள்ள வால்வு குழிகள் 2 சி.சி. கடையில் ஸ்டீல் கேஸ்கெட் 0.7, 1.0, 1.3 என்று மூன்று கனத்தில் இருக்கிறது. ஒரு நண்பர் ‘மெல்லிசு போட்டால்தான் பவர்’ என்கிறார். இன்னொருவர் ‘1.3 போடு, கம்ப்ரஷன் இறங்கும், நாக்கிங் வராது’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், பெரம்பூர்

பதில்: இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள் தம்பி. இத்தனை அளவெடுத்து எழுதுகிறவர்கள் அபூர்வம். அதனால் உங்கள் இன்ஜினை வைத்தே எல்லாருக்கும் கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் தட்டை ஓரத்துக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவே மிஞ்சுகிற இடைவெளியை, அதாவது அந்தச் சந்தை, ஸ்குவிஷ் என்கிறோம். கேஸ்கெட்டின் கனத்தோடு பிஸ்டன் கீழே நிற்கும் தூரத்தைக் கூட்டினால் அந்தச் சந்து கிடைக்கும். உங்களுக்கு 0.7 போட்டால் 0.95 மி.மீ., 1.0 போட்டால் 1.25, 1.3 போட்டால் 1.55. இரும்பு கனெக்டிங் ராட் போட்ட கார் இன்ஜினுக்கு இந்தச் சந்தை 1 மி.மீ. அளவில் வைப்பதுதான் இன்ஜின் கட்டுகிறவர்களின் நெடுநாள் பழக்கம். இன்ச் கணக்கில் பேசுகிறவர்கள் 40 தௌ (இன்ச்சில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) என்பார்கள். என் பட்டறையில் 0.9 முதல் 1.1 வரை ஒப்புக்கொள்வேன்.

அந்தச் சந்து ஏன் அவ்வளவு முக்கியம்? பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் கடைசி நொடியில், ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் கலவை அங்கே இருக்க இடமில்லாமல் பீறிட்டு நடுவே ஓடும். ஸ்பார்க் பிளக் பக்கம் ஒரு கலக்கல் உண்டாகும். கலங்கிய கலவை வேகமாக எரியும், ஸ்பார்க் டைமிங்கை அதிகம் முன்னே தள்ள வேண்டியதும் இல்லை. ஓரத்தில் மிஞ்சுகிற மெல்லிய படலத்துக்கோ மேலேயும் கீழேயும் உலோகம். அதன் சூட்டை இரண்டு பக்கமும் உறிஞ்சிக்கொள்வதால் அது தானாகப் பற்றிக்கொள்ளாது. நாக்கிங் என்பது கடைசியாக எரிய வேண்டிய ஓரக் கலவை, தீ வந்து சேருவதற்கு முன்பே தானாக வெடிப்பதுதானே. அந்தக் கலவையை நசுக்கி வெளியே தள்ளிவிட்டால் வெடிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

இப்போது 1.3 போடச் சொன்ன நண்பருக்கு வருவோம். சந்து 1.55 ஆகிவிட்டால் ஓரக் கலவை நகராமல் அங்கேயே உட்கார்ந்து சூடேறும். கம்ப்ரஷன் கொஞ்சம் இறங்கும், ஆனால் நாக்கிங்கைத் தடுத்துக்கொண்டிருந்த ஏற்பாடும் சேர்ந்து போய்விடும். ‘கேஸ்கெட்டைக் கனமாக்கினேன், முன்னைவிட அதிகமாகத் தட்டுகிறதே’ என்று வந்து நிற்கிறவர்களைப் பட்டறையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். டர்போ போடுவதற்காகக் கனமான கேஸ்கெட் தேடுகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கட்டும்.

கம்ப்ரஷன்தான் எவ்வளவு இறங்குகிறது, அதையும் பார்த்துவிடலாம். 74.5 போர், 75.5 ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டருக்கு 329 சி.சி. பிஸ்டன் கீழே நிற்கும் 0.25 மி.மீ.க்கு 1.1 சி.சி. கேஸ்கெட்டின் ஓட்டை சிலிண்டரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், 76 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 0.7 கேஸ்கெட் 3.2 சி.சி., 1.0 கேஸ்கெட் 4.5 சி.சி., 1.3 கேஸ்கெட் 5.9 சி.சி. இவற்றோடு ஹெட் 30, குழி 2. எல்லாம் கூட்டி, 329-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒன்றைச் சேர்த்தால் கம்ப்ரஷன் விகிதம். 0.7-க்கு 10.07, 1.0-க்கு 9.75, 1.3-க்கு 9.44.

பார்த்தீர்களா? கனத்தில் 0.3 மி.மீ. மாற்றினால் விகிதத்தில் மாறுவதும் 0.3 பாயிண்ட்தான். அதே 0.3, ஸ்குவிஷை நல்ல அளவிலிருந்து கெட்ட அளவுக்குத் தள்ளிவிடுகிறது. கம்ப்ரஷனைத் திருத்த கேஸ்கெட் ஒரு மட்டமான கருவி. ஸ்குவிஷைத் திருத்த அதைவிட நல்ல கருவி கிடையாது. உங்கள் இன்ஜினுக்கு 0.7தான். மெல்லிசு போடச் சொன்ன நண்பர் ஜெயித்துவிட்டார், காரணம் அவருக்குத் தெரியாவிட்டாலும். பிஸ்டன் பிளாக் மட்டத்துக்குச் சரியாக வந்து நின்றிருந்தால் இதே நான் 1.0 என்று எழுதியிருப்பேன். சந்து 0.8-க்குக் கீழே போகக்கூடாது. ஏழாயிரம் ஆர்.பி.எம்.மில் ராட் நீளும், பேரிங் இடைவெளி ஒரு பக்கம் ஒதுங்கும், பிஸ்டன் லேசாக ஆடும். மேசையில் அளந்த சந்து ஓட்டத்தில் அப்படியே இருக்காது.

10.07 உங்கள் பெட்ரோலுக்கு அதிகம் என்று நினைத்தால் அதை வேறு இடத்தில் குறையுங்கள். 9.5-க்கு இறக்க இரண்டரை சி.சி. கூடினால் போதும். வால்வைச் சுற்றி ஹெட் சுவர் நெருக்கமாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் கிரைண்ட் செய்யுங்கள், காற்றோட்டமும் நன்றாகும். அல்லது பிஸ்டன் தலையின் நடுவில் லேத்தில் லேசாகக் குழி எடுங்கள். தலை எவ்வளவு கனம் என்று அளந்துவிட்டு எடுங்கள். ஓரத்துத் தட்டைப் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. நம் மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருப்பதால் வடசென்னை பங்கில் தனியாக நல்ல பெட்ரோல் ஊற்றுவார்கள் என்று நம்புகிற பையன்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. டிராக் நாளுக்கு மட்டும் வேண்டுமென்றால் இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்.பி. 100 இருக்கிறது, 100 ஆக்டேன், விலை கை சுடும். தினமும் வியாசர்பாடி பாலத்துக்கடியில், மே மாத வெயிலில், டிராஃபிக்கில் நிற்கிற வண்டி என்றால் அந்தச் சூட்டையும் கணக்கில் சேர்த்து 9.5-ஐ ஒட்டியே நில்லுங்கள்.

0.7-ஐ வாங்குவதற்கு முன் இன்னும் மூன்று வேலை இருக்கிறது. முதலாவது வால்வு. கேஸ்கெட் மெல்லிசானால் ஹெட் அத்தனையும் கீழே இறங்கும், வால்வும் பிஸ்டனை நெருங்கும். பிள்ளைகள் விளையாடுகிற களிமண் க்ளேயை வால்வு குழியில் அப்பி, லேசாக எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை மாட்டி, டைமிங் பெல்ட்டையும் போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் பலவந்தம் செய்யாமல் நிறுத்துங்கள். பிறகு ஹெட்டைக் கழற்றி, க்ளேயைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. மிஞ்சினால் நிம்மதி. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீளும், அதனால் அதற்குக் கூடுதல். பழைய கேஸ்கெட் 1.2, புதியது 0.7 என்றால் அந்த 0.5-ஐக் கழித்துப் பாருங்கள். உங்கள் எஸ்டீம் 8 வால்வா 16 வால்வா என்று எழுதவில்லை. எதுவானாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். காம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) மாற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது வால்வு டைமிங். மேலே காம் உள்ள இன்ஜினில் ஹெட் கீழே இறங்கினால் கிராங்குக்கும் காமுக்கும் தூரம் குறையும். தளர்ந்த பக்கத்து பெல்ட்டை டென்ஷனர் இழுத்துக்கொள்ளும், இறுகிய பக்கம் குறைந்த அளவுக்கு காம் பின்தங்கும். காம் பல்சக்கரம் 100 மி.மீ. விட்டம் என்றால் 0.5 மி.மீ. இறக்கத்துக்கு கிராங்க் கணக்கில் ஏறக்குறைய ஒரு டிகிரி. தெரு வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. டிராக் வண்டிக்கு அட்ஜஸ்டபிள் காம் புல்லி போட்டு டிகிரி வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது முகம். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட், எம்.எல்.எஸ். என்பது, பழைய கேஸ்கெட் மாதிரி கீறல்களை நிரப்பிக்கொள்ளாது. பிளாக்கும் ஹெட்டும் கண்ணாடி மாதிரி வர வேண்டும். 50 மைக்ரோ இன்ச் ஆர்.ஏ. (முகத்து மேடுபள்ளத்தின் சராசரி அளவு) அல்லது அதைவிட வழவழப்பு. தேய்ந்த டூலில் அவசரமாக ஃபேஸிங் எடுத்துக் கொடுத்தால் புதுக் கேஸ்கெட்டிலும் தண்ணீர் கசியும். லேத்காரரிடம் ‘எம்.எல்.எஸ். போடப் போகிறேன்’ என்று முதலிலேயே சொல்லுங்கள், அவர் ஃபீடை (டூல் நகர்கிற வேகத்தை) குறைத்து எடுப்பார். கேஸ்கெட் வாங்கும்போது கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: பாக்கெட்டில் போட்டிருக்கும் கனம் நசுங்குவதற்கு முன்பா, பின்பா? ஸ்டீலில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. கிராஃபைட், ஃபைபர் வகையில் நல்ல வித்தியாசம் வரும். நம் கணக்கு எல்லாம் நசுங்கிய கனத்துக்குத்தான்.

கேள்வி: என் மாருதி 800 ஓவர்ஹீட் ஆகி ஹெட் வளைந்துவிட்டது. அரை மி.மீ. ஸ்கிம்மிங் எடுத்துக் கொடுத்த மெக்கானிக், ‘எடுத்த அரை மி.மீ.க்குச் சமமாகக் கனமான கேஸ்கெட் போடணும்’ என்கிறார். சரியா?
— வாசகர், மணலி

பதில்: கேட்க நியாயமாகத்தான் தெரியும், ஆனால் பாதிதான் சரி. ஸ்கிம்மிங் எடுத்தால் ஹெட் அறை சிறிதாகும், கம்ப்ரஷன் கூடும், வால்வும் அரை மி.மீ. கீழே வரும். இதுவரை மெக்கானிக் சொல்வது சரி. ஆனால் ஹெட்டின் ஸ்குவிஷ் தட்டை, கேஸ்கெட் உட்காரும் முகத்தோடு ஒரே மட்டத்தில் இருந்தால், இயந்திரம் இரண்டையும் சேர்த்தேதான் சீவியிருக்கும். சந்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதில் அரை மி.மீ. கனத்தைச் சேர்த்தால் சும்மா இருந்த ஸ்குவிஷை நாமே அகலமாக்கிக் கெடுக்கிறோம். முன்பு 1.1 இருந்தது 1.6 ஆகிவிடும்.

ஒரிஜினல் கனத்தில் கேஸ்கெட்டைப் போட்டு, வால்வுக்கு இடம் இருக்கிறதா என்று க்ளே வைத்துப் பாருங்கள். இருந்தால் அப்படியே ஓட்டலாம். இடம் போதவில்லை என்றால் ஹெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஹெட் தேடுவது மேல். 800-க்கு ஹெட் கிடைக்காத ஊரா இது?

இதைவிட முக்கியமான கேள்வியை நீங்கள் கேட்கவில்லை: ஏன் ஓவர்ஹீட் ஆனது? ரேடியேட்டர் ஃபேன் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மூன்றையும் பார்க்காமல் வண்டியை மூடினால் அடுத்த கேஸ்கெட்டும் போகும். பிளாக்கின் முகத்திலும் நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். பல கார் மேனுவல்களில் 0.05 மி.மீ.க்கு மேல் வளைவு இருந்தால் முகம் எடுக்கச் சொல்கிறார்கள். ஹெட்டை மட்டும் எடுத்துவிட்டு பிளாக்கை மறந்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம்.

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறேன். லாரி டீசல் இன்ஜினை மாற்றிப் பொருத்தியது. ஹெட் வேலை செய்த மெக்கானிக் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கேஸ்கெட் போட்டிருக்கிறார். விடியற்காலை ஸ்டார்ட் ஆவது பெரும்பாடு, வெள்ளைப் புகை தள்ளுகிறது. ரேஸ் இன்ஜின் பற்றி எழுதுகிற நீங்கள் இதற்குப் பதில் சொல்வீர்களா?
— படகு உரிமையாளர், காசிமேடு

பதில்: கட்டாயம் சொல்வேன். பெட்ரோல் ரேஸ் இன்ஜினைவிட டீசலில்தான் கேஸ்கெட் கனம் கறார். அதில் கம்ப்ரஷன் சூட்டில்தான் எண்ணெயே பற்றுகிறது. சிலிண்டர் ஒன்றுக்கு 1000 சி.சி., போர் 104 மி.மீ., விகிதம் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மிஞ்சுகிற இடம் வெறும் 62 சி.சி. சொச்சம். 1.2 மி.மீ. கனத்தில் இன்னொரு கேஸ்கெட்டைச் செருகினால் 10 சி.சி. கூடிவிடும். விகிதம் 15-க்கும் கீழே வந்துவிடும். விடியற்காலையில் டீசல் சரியாக எரியாமல் வெள்ளைப் புகையாகப் போவது அதனால்தான்.

மெக்கானிக் ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்குப் புரிகிறது. பிளாக்கில் முகம் எடுத்ததில் பிஸ்டன் மேலே துருத்திக்கொண்டு வந்திருக்கும், ஹெட்டில் இடிக்குமோ என்ற பயம். ஆனால் அதற்கு வழி கம்பெனியே வைத்திருக்கிறது. பல டீசல் இன்ஜின்களுக்கு ஒரே கேஸ்கெட் இரண்டு மூன்று கனத்தில் வரும். ஓரத்தில் ஒரு ஓட்டை, இரண்டு ஓட்டை, மூன்று ஓட்டை என்றோ, வெட்டுக்குறியாகவோ அடையாளம் போட்டிருப்பார்கள். டயல் கேஜை பிளாக் முகத்தில் ஜீரோ வைத்து, ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு துருத்துகிறது என்று அளந்து, அதில் அதிகமானதற்கு ஏற்ற கனத்தை மேனுவலைப் பார்த்து எடுக்க வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது, இடிப்பது உயரமான பிஸ்டன்தான். ஹெட்டையும் சீவியிருந்தால் இன்ஜெக்டர் முனை எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்த்து வாஷரை மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டு கேஸ்கெட்டுக்கு நடுவில் கேஸ் புகுந்து அரிக்க ஆரம்பித்தால் நடுக்கடலில் நிற்பீர்கள். அடுத்த முறை கரைக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள 350 புல்லட். மெல்லிய கேஸ்கெட் போட்டால் பிக்கப் கூடும் என்று எங்கள் கிளப்பில் பேசிக்கொள்கிறார்கள். அரை மி.மீ. குறைத்தால் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?
— புல்லட் பிரியர், திருவொற்றியூர்

பதில்: என்ஃபீல்டு ஆலை வந்ததிலிருந்து புல்லட்டோடு வாழ்கிற ஊர் உங்களுடையது. அங்கிருந்து என்னிடம் கேட்கிறீர்களே! சரி, கணக்கு இதுதான்: 70 போர், 90 ஸ்ட்ரோக், 346 சி.சி. விகிதம் 8.5 என்றால் மேலே மிஞ்சும் இடம் 46 சி.சி. அரை மி.மீ. குறைத்தால் 2 சி.சி. போகும். விகிதம் 8.85 ஆகும். ஸ்ட்ரோக் நீளமான இன்ஜினில் கேஸ்கெட்டுக்கு அவ்வளவுதான் கை நீளும். கிளப்பில் சொல்கிற பிக்கப் பெரும்பாலும் மனசில் ஏறுகிற பிக்கப்.

அந்த அரை மி.மீ. வேறு இடத்தில் வேலை காட்டும். ஹெட் கீழே வந்தால், கீழே காமின் மேல் உட்கார்ந்திருக்கும் டேப்பெட்டிலிருந்து மேலே வால்வைத் தள்ளுகிற புஷ் ராட், அதற்கேற்ப டேப்பெட்டுக்குள் ஆழமாக அழுத்தும். ஹைட்ராலிக் டேப்பெட் ஓரளவு தாங்கிக்கொள்ளும். எல்லை தாண்டினால் வால்வு முழுவதும் மூடாமல் எரிந்துபோகும். பழைய வார்ப்பிரும்பு புல்லட் வைத்திருப்பவர்கள் ஸ்குவிஷ் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அந்த அரைக்கோள ஹெட்டில் தட்டை ஓரம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் ஒன்றும் கிடையாது.

பிக்கப் வேண்டுமென்றால் கார்புரேட்டர் வண்டியாக இருக்கும் பட்சத்தில் ஜெட்டை (பெட்ரோல் அளந்து வருகிற துளையை) பாருங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், அதாவது அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிவிட்டு பிளக் நிறத்தைப் பாருங்கள். கேஸ்கெட் செலவில் கால்வாசி ஆகாது.

கேள்வி: ஆர்.எக்ஸ். 100-க்கு ஹெட்டை லேத்தில் எடுத்திருக்கிறேன். பிஸ்டன் இடிக்காமல் இருக்க சிலிண்டருக்கு அடியில் இரண்டு பேக்கிங் போடலாமா, இல்லை ஹெட் கேஸ்கெட்டையே கனமாக்கவா?
— வாசகர், ராயபுரம்

பதில்: டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டரின் உயரம்தான் போர்ட் டைமிங், அதாவது சிலிண்டர் சுவரில் இருக்கும் வழிகள் எப்போது திறந்து மூடுகின்றன என்பது. அடியில் பேக்கிங் போட்டுத் தூக்கினால் எக்ஸாஸ்ட், டிரான்ஸ்ஃபர் இரண்டும் சீக்கிரம் திறக்கும், லேட்டாக மூடும். கீழ் இழுவை போய், சத்தமும் மேல் ஆர்.பி.எம்.மும் மட்டும் மிஞ்சும். அது வேண்டும் என்று தெரிந்து செய்தால் சரி, இடிக்காமல் இருக்கச் செய்வது தப்பு. அடிப் பேக்கிங்கில் போர்ட் டைமிங்கை முடிவு செய்யுங்கள், மிஞ்சிய சந்தை ஹெட் பக்கம் திருத்துங்கள்.

அளப்பது சுலபம். மின்சார வேலைக்கு வாங்குகிற சால்டர் கம்பி, 1.5 மி.மீ. கனத்தில். இரண்டு துண்டை பிஸ்டன் தலையில், கஜன் பின் (பிஸ்டனை ராட்டோடு இணைக்கிற பின்) போகிற திசையில் இரண்டு ஓரமும் கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். அந்தத் திசையில் வைத்தால்தான் பிஸ்டன் ஆடி அளவைக் கெடுக்காது. ஹெட்டை முழு டார்க்கில் (போல்ட்டுக்குச் சொல்லியிருக்கிற இறுக்கத்தில்) இறுக்கி, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி உச்சியைத் தாண்டவிட்டுக் கழற்றுங்கள். கம்பியின் வெளி நுனி நசுங்கிய கனம்தான் உங்கள் ஸ்குவிஷ். உள் பக்கம் எவ்வளவு நசுங்கியது என்றும் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் ஹெட்டின் சரிவும் பிஸ்டன் தலையின் சரிவும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். 50 மி.மீ. போருக்கு 0.8 வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே தெருவுக்கு வேண்டாம். கேஸ்கெட்டே இல்லாமல் போடுகிற வித்தையும் வேண்டாம்.

இதையெல்லாம் செய்துவிட்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே சோதிக்கப் போகிறீர்கள் என்றால் அடுத்த கடிதம் எழுத வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் டிராக் இருக்கிறது.

கேள்வி: சோழவரம் ரேஸ் காலத்து ஆள் நான். அப்போது ரேஸ் வண்டிகளில் செம்புக் கேஸ்கெட் போட்டுப் பார்த்த ஞாபகம். இன்றைக்கும் அது நல்லதா? ஒரே கேஸ்கெட்டைத் திரும்பப் போடலாமா?
— மூத்த வாசகர், செங்குன்றம்

பதில்: உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் பிப்ரவரி வெயிலில் உட்கார்ந்து பார்த்தவர் என்றால் உங்களிடம் நான்தான் கேட்க வேண்டும் ஐயா. செம்பு நல்லதுதான், காற்றுக் குளிர்ச்சி வண்டிக்கு. சூட்டைச் சீராகக் கடத்தும், கனம் அதிகம் நசுங்காது, வாங்கிய கனமே இறுதிக் கனம் என்பதால் ஸ்குவிஷ் கணக்கு போடுவது சுலபம். தகடு வாங்கி வேண்டிய கனத்தில் வெட்டிக்கொள்ளவும் முடியும். தண்ணீர்க் குளிர்ச்சி இன்ஜினில்தான் தொல்லை. தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றிக் கசியும், சீலன்ட் பூசியாக வேண்டும், அப்போதும் தினமும் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும்.

திரும்பப் போடலாம். ஒருமுறை இறுக்கிய செம்பு கடினமாகிவிடும். கேஸ் அடுப்பிலோ டார்ச்சிலோ எல்லா இடமும் மங்கிய சிவப்பு வரும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். இரும்புக்கு நேர்மாறு. பிறகு மேலே படிந்த கறுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, கண்ணாடித் தட்டில் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அந்தக் காலத்துப் பழைய ஃபைபர் கேஸ்கெட் எதையாவது ஹெட்டிலிருந்து சுரண்டுகிறீர்கள் என்றால் உலர்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்துச் சுரண்டுங்கள்.

கேள்வி: கேஸ்கெட் போட்டு 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி டார்க் வைக்க வேண்டுமா? கேஸ்கெட்டின் மேல் பேஸ்ட் தடவலாமா?
— வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஃபைபர், கிராஃபைட் வகைக்கு மேனுவல் சொன்னால் வையுங்கள், இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, ஒவ்வொரு போல்ட்டாக, நடுவிலிருந்து வெளியே போகிற அதே வரிசையில். எம்.எல்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. டிகிரி கணக்கில் இறுக்குகிற நீளும் போல்ட் என்றால் தொடவே தொடாதீர்கள், அடுத்த முறை ஹெட் இறக்கும்போது புது போல்ட் வாங்குங்கள். பேஸ்ட் வேண்டாம். எம்.எல்.எஸ்.ஸின் மேலே ரப்பர் பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. சிலிகான் பிதுங்கி உள்ளே போய் ஆயில் ஓட்டையை அடைத்தால் காம் காலி. போல்ட் குழிகளில் தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் காற்று அடித்து வெளியே எடுத்துவிட்டு இறுக்குங்கள். அது தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் காட்டுகிற எண் பொய், சில சமயம் பிளாக்கே விரிசல் விடும்.

அடுத்த மாதம் கேஸ்கெட் கேள்வி அனுப்புகிறவர்கள் போர், ஸ்ட்ரோக், ஹெட் அறை சி.சி., பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு மேலா கீழா, எவ்வளவு, இந்த நான்கையும் அளந்து எழுதுங்கள். அளக்காமல் வருகிற கடிதத்துக்குப் பதில் வராது.